பி.டி.ஓ. இல்லாத கியர்பாக்ஸ், ஜோடி சேராத கிரவுன் பினியன்: புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். எப்போது அழைத்தாலும் புது ஆள் எடுக்கிறார், "வண்டி என்ன மாடல் சார்?" என்று முதலிலிருந்து தொடங்குகிறார். எழுத்தில் கொடுத்தால் யாராவது ஒருவர் கடைசி வரை படிப்பீர்கள் என்று ஒரு நப்பாசை.

என்னுடையது பழைய ரெக்கவரி வண்டி, பழுதான வண்டிகளை ஏற்றிப் போவது. டீசல் இன்ஜின், நிமிடத்துக்கு 2800 சுற்றில் (ஆர்.பி.எம்.) கவர்னர் பிடித்துவிடும், அதற்கு மேல் சுற்ற விடாது. ஆக்சில் விகிதம் 6.17, நாலு கியர் பெட்டி, டாப்பில் நேர் ஓட்டம், அதாவது இன்ஜின் 6.17 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. டயர் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இன்ஜின் கதறினாலும் 68 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இம்மியும் ஏறாது. அதனால்தான் ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்ற முடிவு செய்தேன். ஆக்சிலை மட்டும் மாற்றினால் வேகம் கிடைக்கும், மேட்டில் இழுவை போய்விடும். அதனால் 4.88 ஆக்சில், முதல் கியர் 6.7, டாப்பில் 0.78 ஓவர்டிரைவ் (அதே வேகத்துக்கு இன்ஜினைக் குறைவாகச் சுற்றவிடும் கியர்) உள்ள ஆறு கியர் பெட்டி. உங்கள் தொழில்நுட்பப் பிரிவே "அருமையான காம்பினேஷன் சார்" என்று சொல்லி ஆர்டர் எடுத்தது. படிவத்தில் "ரெக்கவரி வண்டி, வின்ச் உண்டு, பி.டி.ஓ. தேவை" என்று அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. வின்ச் என்பது வண்டியை இழுத்து ஏற்றும் கம்பிவடச் சுருள், பி.டி.ஓ. என்பது கியர்பாக்ஸிலிருந்து அதற்குச் சக்தி எடுத்துத் தரும் இணைப்பு. நகல் இணைத்திருக்கிறேன்.

வந்தது என்ன? ஆக்சில் விகிதத்தைத் தருவது கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடி. அந்தக் கிரவுன் பினியன் அட்டைப்பெட்டியில் 4.88 என்று ஸ்டிக்கர். பிரித்து, ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணினால் கிரவுனில் 41, பினியனில் 11. வகுத்தால் 3.73. 4.88க்கு 39ம் 8ம் இருக்க வேண்டும் என்பது உங்கள் கேட்லாக்கிலேயே அச்சாகியிருக்கிறது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போனில் சொன்னபோது ஒரு தம்பி, "3.73ன்னா வண்டி இன்னும் வேகமாத்தானே போகும், உங்களுக்கு லாபம்தானே" என்றார். ரேஸுக்கா வண்டி கட்டுகிறேன்? முதல் கியரின் 6.7ஐ 4.88ஆல் பெருக்கினால் மொத்தம் 32.7, 3.73ஆல் பெருக்கினால் 25. முதுகில் ஒரு வேனை ஏற்றிக்கொண்டு மேட்டில் நின்று புறப்படும்போது கிட்டத்தட்ட கால்வாசி இழுவை காணாமல் போகிறது. பிறகு கிளட்ச் கருகும். ஓவர்டிரைவில் 80ல் போனால் 1550 ஆர்.பி.எம்.தான், லோடோடு அதில் இன்ஜின் திணறும், அப்புறம் ஓவர்டிரைவ் எதற்கு? 4.88ல் அதே வேகத்துக்கு 2030, நிம்மதியாக ஓடும். இதையெல்லாம் நீங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும் ஐயா. நான் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தம்பியையாவது மன்னித்துவிடலாம், புதுசாக இருப்பார். என்னால் மறக்கவே முடியாதவர் உங்கள் கிடங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர். நீங்கள் அனுப்பிய கியர்பாக்ஸில் பி.டி.ஓ. பொருத்தும் ஜன்னலே இல்லை. பக்கச் சுவர் முழுக்க வார்ப்பு, மொழுமொழுவென்று. வின்ச்சுக்கு சக்தி எங்கிருந்து வரும்? இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு முறியும் அந்தப் பெட்டியை வாடகை வண்டியில் ஏற்றி, அத்தனை தூரம் கொண்டுபோனேன். "திருப்பி அனுப்ப நேரில் வாருங்கள்" என்று உங்கள் குறுஞ்செய்திதான் சொன்னது. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "ஜன்னல் இல்லைன்னா ஒரு ஓட்டை போட்டுக்கோங்க. லேத் பட்டறை இல்லாத ஊரா உங்க ஊரு?" என்றார்.

ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டுமாம். உள்ளே பி.டி.ஓ. கியர் வந்து கடிக்கிற இடத்தில் அதற்கான பல்லும் இடமும் வேண்டும், மூடிக்கு மட்டமான முகமும் போல்ட் துளைகளும் வேண்டும். வெறும் சுவரில் துளை போட்டால் ஆயில்தான் ஒழுகும். இது கியர்பாக்ஸ் விற்கும் கம்பெனியின் மேற்பார்வையாளருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் என்னை விரட்டினார். பெட்டியைக் கீழே இறக்கக்கூட விடவில்லை, "ரிட்டர்ன் எல்லாம் கூரியர்லதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். வந்த வழியே வாடகை கொடுத்துத் திரும்பினேன்.

ஆத்திரத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். இந்தக் கிடங்குக் கூத்துக்கு முன்பே கிரவுன் பினியனை மாற்றி அனுப்பினீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. பற்கள் இந்த முறை சரி, 39ம் 8ம்தான். ஆனால் கிரவுன் விளிம்பில் பொறித்த ஜோடி எண் ஒன்று, பினியன் முகத்தில் உள்ள எண் வேறு. ஒன்றோடொன்று உரசிப் பதப்படுத்தி ஜோடியாக வர வேண்டியவற்றை இரண்டு பெட்டியிலிருந்து எடுத்துக் கலந்து அனுப்பினால், ஊளையிட்டுக்கொண்டே ஓடி, சீக்கிரம் பல் தேய்ந்து போகும். இரண்டு எண்ணும் தெரியும்படி எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். அதோடு, 4.88 போடும்போது இந்த ஆக்சிலுக்கு கேரியரும் (கிரவுனைத் தாங்கும் கூடு) மாறும் என்று உங்கள் கேட்லாக் சொல்கிறது. கேரியர் எங்கே என்று கேட்டால், "அது தனி ஆர்டர் சார்".

வண்டி இன்றைக்கும் ஸ்டாண்டில் நிற்கிறது. பின் ஹவுசிங் திறந்து துணி போட்டு மூடிக் கிடக்கிறது. வந்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். என் தொழிலே மண்ணோடு மண்ணாகிவிட்டது. இந்த நஷ்டத்தை ஈடுகட்ட உங்கள் கம்பெனியையே எழுதிக் கொடுத்தாலும் போதாது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது இதுதான். பி.டி.ஓ. ஜன்னல் உள்ள அதே விகிதப் பெட்டி. ஒரே ஜோடி எண் பொறித்த 4.88 செட், அதற்கான கேரியரோடு. போக்குவரத்துச் செலவு உங்கள் பொறுப்பு. கிடங்குக்குப் போய்வந்த வாடகையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள், வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். இரண்டில் எது என்று இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம். பதில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் மனு கொடுக்கிறேன், பல் எண்ணியபோது எடுத்த வீடியோவும் உங்கள் ஆள் எழுதிய படிவமும் அங்கே வரும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு வாடிக்கையாளர்

பி.கு.: பொருந்தாத கிரவுன் பினியனைத் திருப்பி அனுப்பச் சொல்லி நேற்றும் குறுஞ்செய்தி வந்தது. புதிய செட் என் கைக்கு வந்து, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்த்த பிறகுதான் அதைத் தருவேன். எடுத்துப் போக ஆளை நீங்களே அனுப்புங்கள், அந்த மேற்பார்வையாளரை வேண்டாம்.