சீனக்குடாவில் உதவிய அண்ணாவுக்கு நன்றி

ஞாயிறு பின்னேரம் மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும்போது, காரின் டிக்கியில் இருந்த எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று வெடித்து, தயிர் முழுக்க விரிப்புக்குள் இறங்கிவிட்டது. கிண்ணியாப் பாலம் தாண்டி, சீனக்குடாப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையடியில் நிறுத்தினேன். நீங்கள் குடித்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்தீர்கள்.

கடைக்காரர் சுடுதண்ணி கொண்டுவர, "வேண்டாம், சூடு பட்டால் தயிர் திரண்டு நூலோடு ஒட்டிப்போகும், பச்சைத்தண்ணி தாங்கோ" என்று தடுத்தீர்கள். பழைய கலண்டர் அட்டையால் வழித்தெடுத்து, விரிப்பை உருவி, ஸ்பேர் டயரையும் தூக்கினால் அடியில் ஒரு குளமே நின்றது! அந்தக் குழிக்குள் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, கழுவிய தண்ணீரை அப்படியே கீழே விட்டீர்கள். இப்படி ஒரு மூடி இருப்பதே எனக்குத் தெரியாது. அப்புறம் கடையில் வாங்கிய அப்பச்சோடாவைத் தூவிவிட்டு, "நாளைக்கு வெயிலில் நல்லாக் காயப் போடுங்கோ தம்பி, ஈரம் நின்றால்தான் நாறும்" என்றீர்கள்.

காசு நீட்டியதற்கு முறைத்தீர்கள். சரி, தேத்தண்ணிக் காசையாவது கொடுக்க விட்டிருக்கலாம்! சாரமெல்லாம் தயிரோடு, பெயரும் சொல்லாமல் போய்விட்டீர்கள். மிக்க நன்றி அண்ணா. அம்மா மூக்கை வைத்தே பார்த்துவிட்டார், மணம் துளியும் இல்லை.