சென்சார் வலைப்பின்னல்: எந்த நெறிமுறை பேட்டரியைத் தின்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கம்பியில்லா சென்சார் வலைப்பின்னல் பற்றிய கட்டுரையில் தரவு எந்தப் பாதையில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஏஓடிவி (AODV), ஆர்பிஎல் (RPL) நெறிமுறைகள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதுபோல எழுதியிருந்தீர்கள். பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு அப்படியல்ல.

ஏஓடிவி தேவைப்படும்போது மட்டுமே பாதையைத் தேடும். ஆனால் அந்தத் தேடல், எல்லோருக்கும் போகும் பொது அறிவிப்பு. ரேடியோ நொடிக்கு 8 முறை மட்டும் விழிக்கிறது என்று வையுங்கள். ஒரே கணுவுக்கு, அதாவது வலையிலுள்ள ஒரு கருவிக்கு, அனுப்பும் பொட்டலம், ஒப்புதல் வந்ததும் முடிந்துவிடும். பொது அறிவிப்பையோ ஒரு விழிப்பிலிருந்து அடுத்த விழிப்பு வரையிலான 125 மில்லிநொடி முழுக்கத் திரும்பத் திரும்ப அனுப்பியாக வேண்டும். அதை வாங்கிய ஒவ்வொரு கணுவும் அப்படியே செய்யும். மின்சாரம் கரைவது இங்கேதான்.

2012-இல் ஆர்எஃப்சி 6550 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்த ஆர்பிஎல், அளவீடுகள் வந்து சேரும் மையத்தை நோக்கிய பாதையை முன்கூட்டியே அமைத்துவிடும். வலை நிலையாக இருந்தால் டிரிக்கிள் டைமர் என்ற அதன் நேரக் கட்டுப்பாடு, பாதை அறிவிப்புகளின் இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். இயல்பு அமைப்பில் 8 மில்லிநொடியிலிருந்து சுமார் 2.3 மணி நேரம் வரை. அளவீடுகளைத் திரட்டும் வேலைக்கு இதுவே சரி.

சிக்கல், மையத்திலிருந்து கணுக்களுக்குக் கட்டளை போகும் கீழ்நோக்கிய பாதையில்தான். ஒவ்வொரு கணுவும் தனக்குக் கீழுள்ள கணுக்களுக்கான பாதையை அட்டவணையில் வைத்துக்கொள்வது சேமிக்கும் முறை. இதில், மையத்துக்கு அருகிலுள்ள கணுவின் அட்டவணை நிரம்பினால் புதிய கணுக்களுக்குக் கட்டளை போகாது. அளவீடுகள் வந்துகொண்டே இருப்பதால் பழுது சட்டென்று தெரியாது. 10 கிலோபைட் ரேம் உள்ள சில்லுக்குச் சேமிக்காத முறையே மேல். அதில் பாதைகளை மையம் மட்டுமே வைத்திருக்கும்; முழுப் பாதையும் பொட்டலத்தின் தலைப்பில் ஏறும். ரேடியோ ஒரு முறை அனுப்பும் சட்டகம் 127 பைட்தான் என்பதால், தாவல் (ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு படி) கூடக்கூடத் தரவுக்கு இடம் சுருங்கும்.

தாவல் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் மையம் நோக்கிய அடுத்த படியான பெற்றோர் கணுவைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். தொலைவிலுள்ள நலிந்த இணைப்பில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு பொட்டலம் போய்ச் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று கணிக்கும் இடிஎக்ஸ் (ETX) அளவையே பயன்படுத்துங்கள்.

இப்படிக்கு,
வலைப்பின்னல் பொறியாளர்கள் சிலர்