மிச்ச ரத்தம்

மலரு,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. கூடலூரில் மழை, சிக்னல் இருக்காது என்று அப்பாவிடம் நானே சொல்லிச் சமாளிக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. சித்தி வீட்டு விசேஷம் தள்ளிப்போய்விட்டது, அதை நேரில் சொல்கிறேன்.

பணியர் ஊர்களில் சிக்கிள் செல் என்கிற பரம்பரை ரத்த நோய் ஆய்வுக்குப் போயிருக்கிறாய் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். அந்த மக்கள் கைக்கு ரிசல்ட் எத்தனை போய்ச் சேர்ந்தது?

நீ அனுப்பிய போட்டோவில் மேசைமேல் கைநாட்டுப் படிவம் ஒரு கட்டு இருந்தது. ஒரே காலையில் எடுத்ததா என்று நான் கேட்கவில்லை. ஒருவருக்கு அவர்கள் பேச்சில் விளக்கவே அரைமணி பிடிக்கும். தமிழ்ப் படிவத்தை வாசித்துக் காட்டினால் ஆகாது. கைநாட்டு என்றால், உங்கள் டீமில் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒருவர் முழுக்க உடனிருந்து சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். ஊர்ப் பெரியவர் சரி என்றால் ஊருக்குள் போகலாம், அவ்வளவுதான். ரத்தம் கொடுப்பவர் தனியாகச் சம்மதிக்க வேண்டும். விடுதிப் பிள்ளைகளுக்கு வார்டன் கையெழுத்தை வாங்கிவிடாதே. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுக்கு அப்படித்தான் பெற்றவர்களுக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்திட்டார்கள். 2013-ல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது.

ரத்தத்தைக் கரைசலில் விட்டுப் பார்க்கும் கரைதிறன் டெஸ்டில் கலங்கல் தெரிந்ததும் முடிவு சொல்லிவிடாதே. தனக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடிய கேரியரா, நோயாளியா என்று அது பிரித்துக் காட்டாது; ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. டெஸ்ட் பார்க்கவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும், ரத்தசோகை முற்றியவர்களுக்கும் கரைதிறன் டெஸ்ட் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடக்கூடும். ரிசல்ட்டை வாசலில் வைத்துச் சத்தமாகச் சொல்லாதே. கேரியர் என்று பெயராகிவிட்டால் அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் வராது.

அப்புறம் மிச்ச ரத்தம். அன்றைக்குக் கேட்டபோது பேச்சை மாற்றினாய். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் 1990-லிருந்து சர்க்கரை நோய் ஆய்வென்று எடுத்த ரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவுக் கலப்பு, அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை பார்த்தார்கள். 2003-ல்தான் அந்த மக்களுக்கே தெரிந்தது. 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீடும் மிச்ச ரத்தமும் திரும்பி வந்தன.

மலரு, நானும் அதைச் செய்தவள். முகாமில் ஆளுக்கு 2 மில்லி எடுப்போம், டெஸ்டுக்குச் சில சொட்டுதான் ஆகும். மீதியைக் கொட்ட மனசில்லாமல் ஃப்ரீசரில் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஆய்வுக்குத் தூக்கிக் கொடுத்தேன். பெயரைத்தான் அழித்தாயிற்றே என்று நினைத்தேன், ஒருவரையும் கேட்கவில்லை. கூடத்தில் மாட்டியிருந்த பாராட்டுச் சான்று அதற்கு வந்தது. உன்னிடம் எத்தனை தடவை பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

மீதியை வைத்துக்கொள்ளத் தனிச் சம்மதம், தனிக் கைநாட்டு வேண்டும். பிறகு வேண்டாமென்றால் அழித்துவிடுவோம் என்றும் அதில் இருக்கவேண்டும். உன் படிவத்தில் அந்தப் பத்தி இருக்கிறதா? இல்லையென்றாலும் சொல், திட்டமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா