மூளைத் திசுவை அளப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மூளைத் திசுவின் விறைப்பை அளக்கும் ஆய்வாளர்களுக்கும், அந்த அளவீடுகளை வெளியிடும் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். விடியற்காலையில் கறிக்கடைக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆட்டின் மூளையை ஐஸ் பெட்டியில் வாங்கி வந்து அளக்கிறவன். அந்த வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பிளேடால் சின்னக் கனசதுரமாக வெட்டி மேசையில் வைத்தால் அது கனசதுரமாக நிற்காது. தன் எடையிலேயே தளர்ந்து, ஓரங்கள் உருண்டு, அடி அகன்றுவிடும். ரியோமீட்டரின் (இரண்டு தட்டுகளுக்கிடையே திசுவை வைத்து அதன் எதிர்ப்பை அளக்கும் கருவி) மேல்தட்டை இறக்கும்போது தட்டு திசுவை எந்தக் கணத்தில் தொட்டது என்பதே சந்தேகம். தொட்டது மேலே நிற்கும் ஈரம்தானா, திசுவேதானா? அதைத் தீர்மானிப்பதற்குள் ஓரம் காயத் தொடங்கிவிடும். உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே அளக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த அளவைக் கட்டுரையில் எப்படித் தருகிறோம்? பெரும்பாலும் ஒரே எண்ணாக. இத்தனை கிலோபாஸ்கல் (விறைப்பின் அலகு), அவ்வளவுதான். நான் எழுதுவது அதைப் பற்றித்தான்.

என் தவறையே முதலில் சொல்கிறேன். இரண்டு வருடங்களாக ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை அழுத்தி விடுவித்து, திசுவைப் 'பழக்கிய' பிறகு கிடைக்கும் நான்காவது சுற்றை மட்டும் சேமித்துவந்தேன். அதில் விசைக்கும் நகர்வுக்குமான வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று அழகாகப் படியும், பிழையும் குறைவாகத் தெரியும். அப்புறம் ஒருநாள், ஹெல்மெட்டுக்காகத் தலையின் கணினி மாதிரி செய்யும் ஒரு பெண் எழுதிக் கேட்டார்: "முதல் சுற்றின் அளவு கிடைக்குமா? விபத்தில் மூளை ஒரே ஒரு முறைதானே அடிபடுகிறது?" என்னிடம் அது இல்லை. முதல் சுற்றில் மூளைத் திசு விறைப்பாக இருக்கும், அடுத்தடுத்த சுற்றுகளில் தளர்ந்துவிடும். அவருக்கு வேண்டியிருந்த எண்ணைத்தான் நான் சுத்தம் என்ற பெயரில் தூக்கிப்போட்டிருந்தேன்.

சுற்று ஒன்று மட்டுமா? வேகமாக அழுத்தினால் திசு விறைக்கிறது, மெதுவாக அழுத்தினால் இளகுகிறது. அழுத்தும்போது காட்டும் எதிர்ப்பை இழுக்கும்போது காட்டுவதில்லை. அறை வெப்பத்தில் எடுத்த அளவு 37 டிகிரியில் எடுத்ததற்கு ஈடாகாது. இறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதும் கணக்கில் வரும். 2015-இல் சில்வியா புட்டேயும் குழுவினரும் மாட்டு மூளையில் தட்டையான முனையுள்ள சிறு உருளையை அழுத்தி அளந்தபோது வெண்பொருள் (நரம்பிழைகள் நிறைந்த உட்பகுதி) சுமார் 1.9 கிலோபாஸ்கல், சாம்பல்பொருள் (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி) சுமார் 1.4. அதே புட்டே 2017-இல் மற்றொரு குழுவுடன் மனித மூளையை 5 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி அழுத்தியும் இழுத்தும், மேல்பக்கத்தை ஒருபுறமாகத் தள்ளிச் சறுக்கியும் பார்த்தபோது, சாம்பல்பொருளான புறணிதான் (மூளையின் வெளி அடுக்கு) மிக விறைப்பு, வெண்பொருளான கார்ப்பஸ் கலோசம் (மூளையின் இரு பாதிகளை இணைக்கும் பட்டை) மிக மென்மை. வரிசையே தலைகீழ். இரண்டையும் நான் நம்புகிறேன், ஏனென்றால் எதை, எப்படி அளந்தார்கள் என்பதை விவரமாக எழுதியிருக்கிறார்கள். அந்த விவரம் மட்டும் இல்லாவிட்டால் ஏதோ ஒன்று பொய் என்று ஒதுக்கியிருப்போம்.

தலையைத் திறக்காமலே அளக்கவும் வழி வந்துவிட்டது. 1995-இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராஜா முத்துப்பிள்ளையும் உடனிருந்தவர்களும், அதிர்வு அலை ஒரு பொருளுக்குள் பரவுவதை எம்.ஆர்.ஐ. மூலம் படமாகப் பிடிக்க முடியும் என்று காட்டினார்கள். அலை வேகமாகப் போனால் விறைப்பு அதிகம். உயிரோடிருப்பவரின் மூளையை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த அதிர்வில் திசு அசைவது மைக்ரான் கணக்கில்தான். விபத்தில் அது பல மடங்கு உருக்குலைகிறது. இங்கே கிடைத்த எண்ணை அங்கே போடக் கூடாது.

போட்டால் என்ன ஆகும்? மூளையை எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கினால் ஏறக்குறைய தண்ணீரைப் போலத்தான் எதிர்க்கும், கன அளவு குறையவே குறையாது. சறுக்கு விசைக்கோ அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட எதிர்ப்பு இல்லை. அதனால்தான் தலை சடாரென்று சுழலும்போது மூளை காயப்படுகிறது என்று இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-லேயே ஜெலட்டின் மாதிரிகளை வைத்து விளக்கினார். ஹெல்மெட்டைச் சோதிக்கும் கணினி மாதிரியில் இந்தச் சறுக்கு எண் தவறாக இருந்தால், மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

ஆய்விதழ் ஆசிரியர்களே, வெப்பநிலை, இறந்தபின் கழிந்த நேரம், அழுத்திய வேகம், எத்தனையாவது சுற்று, மூளையின் எந்தப் பகுதி, எந்தத் திசையில் வெட்டியது, இவை இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள். சராசரி மட்டும் போதாது. விசையும் நகர்வும் பதிவான மூலக் கோப்பையே கேளுங்கள். ஆய்வாளர்களே, திசுவை அளக்கும் அன்றைக்கே, அதே கருவியில், எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு ஜெல்லையும் அளந்து பக்கத்தில் போடுவோம். அப்போதாவது வித்தியாசம் திசுவிலா கருவியிலா என்று தெரியும்.

ஆட்டு மூளை நாளைக்கும் கிடைக்கும். மனித மூளை அப்படியல்ல. துக்க வீட்டில், அழுது ஓயாத நேரத்தில், ஒரு குடும்பம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தது அது. அதை இரண்டாம் தடவை முதல்முறையாக அழுத்த முடியாது. அந்த வளைவை முழுசாகச் சேமித்து எல்லாருக்கும் தருவது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

என்னிடம் மிச்சமிருக்கும் மூலக் கோப்புகளை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிடுகிறேன். முதல் சுற்று இல்லாதவற்றில் 'இல்லை' என்றே குறித்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு சக ஆய்வாளன்