குட்டி விற்பவர்களே, எல்லாப் பழியையும் புது வைரஸ் மேல் போடாதீர்கள்

தமிழ்நாட்டில் நாய்க்குட்டி வளர்த்து விற்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

குட்டியை வாங்கிப் போனவர் நாலாம் நாள் போன் போட்டு, வாந்தி நிற்கவில்லை, ரத்தமாகப் பேதி போகிறது என்று அழுதால், உங்களில் பலர் சொல்லும் பதில் இப்போதெல்லாம் ஒன்றுதான்: "இது புது வகை பார்வோ சார், ஊசிக்கே கட்டுப்படாது."

பார்வோ என்பது குட்டிகளுக்கு இப்படி வாந்தியும் ரத்தப் பேதியும் வரவைக்கும் வைரஸ். அது மாறுவது நிஜம். 1978இல் நாய்களிடம் கிளம்பியது, பூனைகளுக்கு வரும் வைரஸின் நெருங்கிய சொந்தம். ஓரிரு வருடத்தில் 2ஏ என்ற வகை வந்து பழையதை ஓரங்கட்டியது, 1984இல் 2பி, 2000இல் இத்தாலியில் 2சி. அந்த 2சி நம் நாட்டிலும் இருக்கிறது. ஆனால் 2பிக்கும் 2சிக்கும் முக்கிய வித்தியாசமே வைரஸின் மேலோட்டுப் புரதத்தில், 426ஆம் இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான். பழைய வகையை வைத்துத் தயாரித்த ஊசி போட்ட நாய்களுக்கு 2சியை வேண்டுமென்றே கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள், தாக்குப்பிடித்திருக்கின்றன.

அப்புறம் ஏன் ஊசி போட்ட குட்டி சாகிறது? பெரும்பாலும் தாய்ப்பால்தான் காரணம். சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காக்கும்போதே தடுப்பூசியையும் முறித்துவிடுகிறது. அது குறைந்துகொண்டே வரும்போது ஒரு கட்டத்தில் நோயைத் தடுக்க அதற்குத் தெம்பு இருக்காது, ஊசியைக் கெடுக்க மட்டும் தெம்பு இருக்கும். அந்த இடைவெளி எந்தக் குட்டிக்கு எந்த வாரம் வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, 2-4 வாரத்துக்கு ஒன்றாக, கடைசி ஊசி 16 வாரம் நிரம்பிய பிறகு விழும்படி போடச் சொல்கிறார்கள். நம் ஊர்க் கணக்கு என்ன? 45ஆம் நாள் ஒன்று, 21 நாள் கழித்து இன்னொன்று, "கோர்ஸ் முடிஞ்சுது". 66ஆம் நாளில் என்ன முடிந்தது?

இதில் சிலர் 35 நாள் குட்டியையே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே மத்திய அரசு விதி போட்டுவிட்டது, தெரியாது என்று சொல்லாதீர்கள். கார்டில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் ஆயிற்றா, அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்ததா, இல்லை டூவீலர் பெட்டியில் வெந்ததா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். வைரஸ் உள்ளே போய் நோய் தெரிய பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும். வாங்கிப் போன நாலாம் நாளே குட்டி படுத்துவிட்டால், அது உங்கள் இடத்திலேயே தொற்றியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் வைரஸ் இது, பினாயில் வாசனைக்கெல்லாம் அசையாது. அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு (பவுடர் அல்ல) 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிடுங்கள்.

அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால் வகையைப் பற்றி வாதாடாமல், அதே ஈற்றில் மற்ற குட்டிகளை வாங்கியவர்களுக்கு அன்றைக்கே தகவல் சொல்லுங்கள். சீக்கிரம் கொண்டுவந்து டிரிப்ஸ் ஏற்றினால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடும்.