வாள் எட்டாத இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான, வரலாற்றுச் சாகசக் கதைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். வாள்வீச்சும் கடற்பயணமும் நிறைந்த கதைக்குள் பிரபஞ்சத் திகிலைப் புகுத்தினால் இரண்டுமே கெட்டுவிடும் என்றும், வீடியோ கேம்களின் வழியாக அண்மையில் வந்து ஒட்டிக்கொண்ட கலப்படம் இது என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதல் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சாகசக் கதையில் நாயகனின் கையும் கண்ணும் முடிவைத் தீர்மானிக்கின்றன. பிரபஞ்சத் திகிலிலோ, அளவிட முடியாத பெருவெளியின் முன் மனிதன் ஒரு பொருட்டே அல்லன். ஆனால் இந்த முரண்பாட்டையே மூலதனமாகக் கொண்டு எழுதப்பட்ட நல்ல கதைகள் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகின்றன என்பதால், அவற்றில் இரண்டையாவது தங்கள் வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன் என்ற ஆங்கிலேயர் பதின்ம வயதிலேயே கப்பல் வேலைக்குப் போனவர். முதல் உலகப் போரில், 1918 ஏப்ரலில், பெல்ஜியப் போர்முனையில் உயிரிழந்தவர். அவருடைய ‘தி போட்ஸ் ஆஃப் தி கிளென் காரிக்’ நாவல் 1907இல் வெளிவந்தது. கதை நடப்பது 1757இல். கப்பல் உடைந்து இரண்டு படகுகளில் தப்பியவர்களுள் ஒரு படகினர், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கடற்பாசி மண்டிக் கிடக்கும் ஒரு கடலின் ஓரத்துத் தீவில் கரையேறுகிறார்கள். பாசிக்குள் ஒரு கப்பல் ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடக்கிறது. அதற்குள் இன்னும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுக்குக் கயிறு எட்டும்படி செய்ய ஒரு பெரிய வில்லைச் செய்து பார்க்கிறார்கள். அது உதவாமற்போக, காற்றாடி கட்டிப் பறக்கவிட்டு அதன் வழியே கயிற்றைக் கப்பலுக்குச் சேர்க்கிறார்கள். முடிச்சு, கயிற்றின் பருமன், குடிநீர், இரவில் எரியவிடும் நெருப்பு என்று பக்கம் பக்கமாகக் கைவேலையின் விவரங்களாகவே கதை நகர்கிறது.

இரவானால் பாசியிலிருந்து நத்தையுடலும் மனிதச் சாயலும் கலந்த உருவங்கள் ஏறி வருகின்றன. கதைசொல்லி அவற்றை வாளால் வெட்டுகிறான். வாள் வெட்டத்தான் செய்கிறது. ஆயினும் இறந்துபோன தோழன் ஒருவனை மணலில் புதைத்துவிட்டுப் பிறகு வந்து பார்த்தால், குழி வெறுமையாகக் கிடக்கிறது. அந்த உருவங்கள் எவை, ஏன் அங்கே இருக்கின்றன என்பதைக் கதை கடைசிவரை விளக்குவதில்லை. அத்தனை கைத்திறனையும் நாம் கண்ணால் கண்ட பிறகு வருவதால்தான் அந்த வெறுங்குழி நம்மை உலுக்குகிறது. எதுவும் செய்யத் தெரியாத ஒருவனுக்கு இது நேர்ந்திருந்தால் அது வெறும் பரிதாபமாகவே நின்றிருக்கும்.

அடுத்ததாக, அமெரிக்காவின் ‘வியர்ட் டேல்ஸ்’ பத்திரிகை. 1928 பிப்ரவரியில், பிரபஞ்சத் திகில் கதைகளுக்குப் பேர்பெற்ற எச்.பி. லவ்கிராஃப்டின் ‘தி கால் ஆஃப் கதுல்ஹு’ அதில் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், டெக்சாஸ்காரரான ராபர்ட் இ. ஹோவர்டின் சாலமன் கேன் என்ற தூய்மைவாதக் கிறித்தவ வாள்வீரன் அதே பத்திரிகையில் முதன்முதலாகத் தலைகாட்டினான். மனிதச் சட்டங்களும் மனித உணர்ச்சிகளும் பெருவெளியில் செல்லாக்காசு என்பதே தம் கதைகளின் அடிப்படை என்று லவ்கிராஃப்ட் 1927இல் அப்பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதியிருந்தார். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதங்களிலும் சில வேளை ஏதேனும் இருக்கும் என்பதற்கு இது ஒரு சான்று! 1930 முதல் 1936இல் ஹோவர்ட் இறக்கும் வரை இருவரும் ஒருவரையொருவர் நேரில் காணாமலே நீண்ட கடிதங்களில் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

அந்த நட்பின் நிழல் படிந்த கதை, 1932 நவம்பரில் வெளிவந்த ஹோவர்டின் ‘வர்ம்ஸ் ஆஃப் தி எர்த்’. கட்டுரையாளரின் வாதத்துக்கு இதைவிட நேரான மறுமொழி எனக்குத் தெரியவில்லை. உரோமானியர் ஆண்ட பிரிட்டனில், பிக்ட் என்னும் பழங்குடி இனத்து மன்னன் பிரான் மாக் மார்ன் மாறுவேடத்தில் நின்று, தன் குடிமகன் ஒருவன் சிலுவையில் அறையப்படுவதைப் பார்க்கிறான். கட்டளையிட்ட டைட்டஸ் சுல்லாவைப் பழிவாங்கப் படையோ வாளோ போதாது என்று கண்டு, நிலத்தடியில் ஒளிந்து வாழும் மிகப் பழைய இனம் ஒன்றின் உதவியை நாடுகிறான். அவை வழிபடும் கருங்கல்லைத் திருடி, அதைத் திருப்பித் தருவதற்கு ஈடாகச் சுல்லாவைக் கேட்கிறான். கேட்டபடியே சுல்லாவைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஆனால் வந்து சேர்ந்தவன், நிலத்தடியில் கண்டதைத் தாங்க முடியாமல் சித்தம் கலங்கிப்போனவன். பழிக்காக ஓங்க நினைத்திருந்த வாளை அவன்மேல் இரக்கத்தால் இறக்குகிறான் பிரான். வாள்வீச்சுக் கதையில் எதிர்பார்த்த அதே வெட்டு, அதே ஆளின்மேல்தான் விழுகிறது. அதன் பொருள் மட்டும் தலைகீழாகிவிடுகிறது. சாகசம் இல்லாவிட்டால் இந்தத் திகிலுக்கு இடமே இல்லை.

இவ்வகைக் கதைகளின்மேல் எனக்கும் மனத்தாங்கல் உண்டு. லவ்கிராஃப்டின் அச்சத்தில் பெரும்பகுதி வேற்றினத்தாரைப் பற்றிய வெறுப்பு. சாலமன் கேனின் ஆப்பிரிக்கக் கதைகளில் அங்குள்ள மக்கள் சித்திரிக்கப்படும் விதம் இன்று படிக்கக் கூசுகிறது. காலத்தின் கோளாறு என்று சொல்லி அதை மூடி மறைப்பதற்கில்லை.

தமிழில் இக்கலவை வேரூன்றாது என்று கட்டுரையாளர் போகிற போக்கில் சொன்னதற்கு வருகிறேன். முடிவு சரியாகவும் இருக்கலாம்; இப்படிக் கலப்பது நமக்குப் பழக்கமில்லை என்று அவர் காட்டும் காரணம் சரியன்று. சரித்திரத் தொடர்களை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு வாளும் கடலும் மர்மமும் ஓரிடத்தில் சேர்வது புதிதன்று. நம் வழியில் குறுக்கே நிற்பது வேறொன்று: நம் வானம் மனிதனைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. புறநானூற்றின் 229ஆம் பாட்டில், பங்குனி இரவொன்றில் விண்மீன் எரிந்து விழக்கண்ட கூடலூர் கிழார், தம் சேர மன்னனுக்கு என்ன நேருமோ என்று அஞ்சுகிறார். ஏழாம் நாள் யானை கையை நிலத்தில் கிடத்தித் துஞ்ச, முரசு கண் கிழிந்து உருள, வெண்குடை கால் ஒடிய, மன்னன் மாய்கிறான். ‘பொன்னியின் செல்வ’னிலும் தூமகேது என்னும் வால்மீன் தோன்றியதும் மக்கள் அரச குலத்துக்கு வரப்போகும் தீங்கையே பேசுகிறார்கள். மணிமேகலையில் கடல் புகாரை விழுங்குவதற்கும் காரணம் உண்டு: மகனை இழந்த துயரில் மன்னன் இந்திர விழாவை மறந்தான். ஊழோ சாபமோ, கணக்கு எங்கோ எழுதப்பட்டிருக்கிறது.

காரணமே இல்லாமல் ஒரு நகரைக் கடல் கொள்வதும், மன்னனின் பெயரையே அறியாத ஒரு விண்மீன் விழுவதும்தான் பிரபஞ்சத் திகில். ஆகவே இதைத் தமிழில் எழுத முனைபவர், பூதத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைவிட, கடைசி அத்தியாயத்தில் ஒரு முனிவரை வரவழைத்து முற்பிறவிக் கதை சொல்லவைக்கும் ஆசையை எப்படி அடக்குவது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த ஆசை எவ்வளவு வலியது என்பது, தொடர்கதை வாசகனாகிய எனக்கு நன்றாகவே தெரியும். முனிவர் வராவிட்டால் ஏமாறுகிறவர்களில் நானும் ஒருவன்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் மொழிபெயர்ப்புத் தொடருக்கு இடம் இருப்பதால் ஒரு விண்ணப்பம். ஹாட்ஜ்சனின் நாவலைச் சுருக்காமல் வெளியிடலாம். அதைத் தமிழாக்குபவர் அகராதியோடு நின்றுவிடாமல், எங்கள் கடற்கரையில் தோணி ஓட்டிய முதியவர்களிடம் ஒரு வாரமேனும் உட்கார்ந்து கேட்க வேண்டும். பாயை விரிக்கும் மரத்துக்குப் பருமல், பாயை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குத் தாமான், பலகை இடுக்கை அடைப்பதற்குக் கலப்பற்று, அந்நாவலில் எல்லாரையும் உயிரோடு கரை சேர்க்கப் பாடுபடும் கப்பல் அதிகாரிக்குச் சாரங்கு என்று சொற்கள் இருக்கின்றன. அச்சொற்கள் இடம்பெற்றால், அந்த மணற்குழி வெறுமையாகக் கிடக்கும் பக்கத்தை எங்களூர்க்காரர் எவரும் பிறநாட்டுக் கதையாகப் படிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம்.