செட்பாயிண்டை அனுப்பினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் வெப்பம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். முகப்பில் இருக்கும் பட்டனை அழுத்தி அழுத்திச் செட்பாயிண்டை, அதாவது கருவி எட்ட வேண்டிய அளவை, மாற்றும் காலம் போய்விட்டது, கணினியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக ஒரு கட்டளை அனுப்பினால் வேலை முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த 'முடிந்தது'தான் உறுத்துகிறது.

ஒரு ஹீட்டரை 75.5 டிகிரியில் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1979-இல் வந்த மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையைத்தான் இன்றைக்கும் ஏராளமான கன்ட்ரோலர்கள் பேசுகின்றன, அதில் ஒரு ரிஜிஸ்டர் (ஒரு மதிப்பை வைக்கும் இடம்) என்பது 16 பிட் முழு எண், புள்ளி வைக்க இடமே கிடையாது. அதனால் பெரும்பாலும் 755 என்று அனுப்புவோம். ஆனால் எத்தனை தசம இடம் என்பது கன்ட்ரோலருக்குள்ளேயே வேறொரு அமைப்பாக இருக்கும், அதை யாராவது மாற்றி வைத்திருந்தால் அதே 755 நிஜமாகவே 755 டிகிரி ஆகிவிடும். உச்சவரம்பு ஒழுங்காகப் போட்டிருந்தால் கருவி மறுத்துவிடும், இல்லாவிட்டால் சத்தம் காட்டாமல் வாங்கிக்கொள்ளும். மைனஸ் 5.0 டிகிரி வேண்டுமென்றால் 65536-இலிருந்து 50-ஐக் கழித்து 65486 என்று எழுத வேண்டிவரும், இது தெரியாதவர் எங்கே போய்க் கண்டுபிடிப்பார்?

அப்புறம் ரிஜிஸ்டரின் முகவரி. கையேட்டில் 40001 என்று போட்டிருப்பது கம்பியில் 0 என்று போகும், 40002 என்பது 1. இந்தக் கணக்கில் ஒன்று தள்ளிப்போனால் செட்பாயிண்டுக்குப் பதிலாக அலாரம் எல்லை மாறிவிடலாம். அப்போதும் பதில் ஒழுங்காகத்தான் வரும், ஏனென்றால் எழுதும் கட்டளையான 06-க்குக் கன்ட்ரோலர் தரும் பதில் நாம் அனுப்பியதன் நகல்தான். பாட் ரேட் (தகவல் போகும் வேகம்) தப்பு, பாரிட்டி (பிழை காட்டும் பிட்) தப்பு, ஆர்எஸ்-485 என்ற சீரியல் இணைப்பில் இரண்டு கம்பியும் இடம் மாறியது, இதெல்லாம் என்னைக் கேட்டால் நல்ல பிழைகள். பதிலே வராது, உடனே தெரிந்துவிடும்.

ஆகவே எழுதுவதற்கு முன்பே 03 கட்டளையால் அந்த ரிஜிஸ்டரைப் படித்துவிட வேண்டும். முகப்பில் தெரியும் செட்பாயிண்ட் 60.0 என்றால் 600 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தசமக் கணக்கு சரி. பட்டனால் அதை 61.0 ஆக்கிவிட்டு மறுபடி படித்து 610 வந்தால் முகவரியும் சரி. எழுதியபின் இன்னொரு முறை படித்து, முகப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. தப்பான ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு அதையே திரும்பப் படித்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

நொடிக்கொரு புதிய செட்பாயிண்ட் அனுப்பி வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றலாம் என்று கட்டுரை சொல்லும் யோசனை ஆபத்தானது. பல கருவிகள் நாம் எழுதும் ஒவ்வொரு மதிப்பையும் நிரந்தர நினைவகத்தில் பதிக்கின்றன. அதன் ஆயுள் சாதாரணமாக 1,00,000 பதிவுகள் என்று குறிப்பிடுவார்கள். நொடிக்கு ஒன்று என்றால் 28 மணி நேரத்துக்குள் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். தற்காலிக நினைவகத்தில் மட்டும் எழுதும் வசதி சில கன்ட்ரோலர்களில் உண்டு, படிப்படியாக ஏற்றும் வசதியே உள்ளுக்குள் இருப்பவையும் உண்டு. கையேட்டைப் பார்த்துவிட்டு அதைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கலாம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக இருந்தால், அதை 03-இலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். 06 பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
கருவிப் பராமரிப்பில் வேலை பார்க்கும் ஒரு வாசகர்